லோக்கல் மெஷின்ல நாலு நோட் பிளாக்செயின்: டாக்கர்ல பெசு ஓட்டுறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

முதல்ல செட்டப் என்னன்னு சொல்லிடுறேன். ஹைப்பர்லெட்ஜர் பெசு (எத்தீரியம் நோட் ஓட்டுற சாஃப்ட்வேர்) இமேஜ், ஒரே ஒரு டாக்கர் கம்போஸ் ஃபைல், அதுல நாலு வேலிடேட்டர் (பிளாக் போட்டு கையெழுத்துப் போடுற நோட்) கன்டெய்னர், கன்சென்சஸ், அதாவது அடுத்த பிளாக் எதுன்னு நோட் எல்லாம் ஒத்துக்கற முறை, க்யூபிஎஃப்டி, பிளாக் டைம் 2 செகண்ட், ரவுண்ட் டைம்அவுட் (பிளாக் வரலன்னா அடுத்தவன்கிட்ட முறை போகறதுக்கு முன்னாடி காத்திருக்கற நேரம்) 4 செகண்ட். கீழ இருக்கற எல்லா பதிலும் இத மனசுல வச்சு எழுதுனதுதான், வேற கிளையன்ட் யூஸ் பண்ணாலும் பாதிக்கு மேல அப்படியே பொருந்தும்.

ஹார்ட்ஹேட், அன்வில் மாதிரி லோக்கல் டெஸ்ட் டூல் எல்லாம் ஒரே நோட்ல ஓடுது, கான்ட்ராக்ட் டெஸ்ட்டும் பாஸ் ஆகுது. அப்புறம் எதுக்கு நாலு நோட்?

கான்ட்ராக்ட் லாஜிக் மட்டும் டெஸ்ட் பண்ணணும்னா அன்வில் போதும், அதுதான் வேகமும் கூட. ஆனா அது டிஃபால்ட்டா என்ன பண்ணுதுன்னு பாருங்க, நீங்க டிரான்சாக்ஷன் அனுப்புன அந்த நிமிஷமே ஒரு பிளாக் போட்டு ரிசீப்ட்ட கையில குடுத்துடும். நிஜ நெட்வொர்க்ல அப்படி நடக்காது. டிரான்சாக்ஷன் முதல் நோட்டுக்குப் போகும், அங்கிருந்து மத்த நோட்டுக்குப் பரவும், எவன் முறையோ அவன் பிளாக்ல சேப்பான், அந்த பிளாக் திரும்ப எல்லாருக்கும் போகணும். இந்த இடைவெளியிலதான் அப்ளிகேஷன் கோட் உடையும். உதாரணத்துக்கு முதல் நோட்ல டிரான்சாக்ஷன அனுப்பிட்டு மூணாவது நோட்ல ரிசீப்ட் கேட்டா கொஞ்ச நேரம் காலி பதில் (நல்) வரும், அந்தக் காலி பதில உங்க பேக்எண்ட் "ஃபெயில்"னு எடுத்துக்கிட்டு திரும்ப அனுப்பிச்சுன்னா ஒரே பேமென்ட் ரெண்டு தடவ போயிடும். அதே மாதிரி நாலு நோட்டுக்கு முன்னாடி லோட் பேலன்சர் வச்சிருந்தீங்கன்னா, பெண்டிங் நான்ஸ, அதாவது உங்க அக்கவுண்டோட அடுத்த டிரான்சாக்ஷன் வரிசை எண்ண, ஒரு நோட்ல கேட்டா 7, இன்னொரு நோட்ல கேட்டா 6ன்னு வரலாம், ஏன்னா டிரான்சாக்ஷன் இன்னும் அங்க போய்ச் சேரல. ஒரே நோட்ல இத எல்லாம் ஜென்மத்துக்கும் பாக்க முடியாது.

இன்னொரு காரணம் எனக்கு இதவிட முக்கியமா படுது. ஒரு நோட் செத்தா என்ன ஆகும்னு பாக்கறதுக்குத்தான் நாலு நோட் ஓட்டுறோம். நாலையும் அப் பண்ணிட்டு, பிளாக் ஓடுது சூப்பர்னு விட்டுட்டா, நாலு மடங்கு ரேம் செலவு பண்ணி ஒரு நோட் குடுக்கறதத்தான் வாங்கியிருக்கீங்க. உடைச்சுப் பாருங்க, அதுக்குத்தான் இது.

பழைய டுடோரியல் எல்லாம் கெத், கிளீக்னு இருக்கு. நீங்க ஏன் பெசு சொல்றீங்க?

கெத் ஒரு எத்தீரியம் கிளையன்ட், கிளீக் அதுல இருந்த ஒரு கன்சென்சஸ் முறை, 2017ல ரிங்க்பி டெஸ்ட்நெட்டுக்காக வந்தது, ஈஐபி 225ல இருக்கு. ரொம்ப வருஷம் பிரைவேட் நெட்வொர்க்னாலே கெத் பிளஸ் கிளீக்தான். ஆனா கெத் 1.14, அதாவது 2024ல இருந்து, மெர்ஜுக்கு, அதாவது எத்தீரியம் ப்ரூஃப் ஆஃப் ஸ்டேக்குக்கு மாறுனதுக்கு, முந்தின மாதிரி நெட்வொர்க் ஓட்டுற சப்போர்ட்ட எடுத்துட்டாங்க, அதனால பழைய கம்போஸ் ஃபைல காப்பி பண்ணி, இமேஜ் டேக லேட்டஸ்ட்னு போட்டா ஓடாது. பெசு ஜாவால எழுதுன எத்தீரியம் கிளையன்ட், முன்னாடி பேந்தியான்னு பேரு, 2019ல ஹைப்பர்லெட்ஜருக்குள்ள வந்துச்சு, க்யூபிஎஃப்டி உள்ளயே இருக்கு.

ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் கத்துக்கறவங்களுக்கு அவங்களோட டெஸ்ட் நெட்வொர்க் ஸ்கிரிப்ட்டே போதும், காஸ்மாஸ் பக்கம் இருக்கறவங்க காமெட்பிஎஃப்டியோட நாலு நோட் லோக்கல்நெட்ட எடுத்துக்கலாம். மெயின்நெட் மாதிரியே ப்ரூஃப் ஆஃப் ஸ்டேக் வேணும்னா குர்டோசிஸ்ல எத்தீரியம் பேக்கேஜ் இருக்கு, அதுல எக்ஸிக்யூஷன் கிளையன்ட், கன்சென்சஸ் கிளையன்ட் ரெண்டும் சேந்து வரும், அது கொஞ்சம் கனமான செட்டப்.

ஏன் நாலு? மூணு வச்சா ஆகாதா, அஞ்சு வச்சா இன்னும் நல்லா இருக்காதா?

பைசாண்டைன் கணக்குல, அதாவது நோட் சாகறது மட்டுமில்ல, பொய்யும் சொல்லலாம்னு வச்சுக்கற கணக்குல, f நோட் கோளாறு பண்ணாலும் தாங்கணும்னா மொத்தம் 3f பிளஸ் 1 வேணும். ஒண்ணத் தாங்க நாலு, ரெண்டத் தாங்க ஏழு. க்யூபிஎஃப்டில ஒரு பிளாக் ஒத்துக்கப்படணும்னா வேலிடேட்டர்ல மூணுல ரெண்டு பங்கு கையெழுத்து வேணும், நாலுக்கு மூணுல ரெண்டு பங்குன்னா 2.67, மேல ரவுண்ட் பண்ணா 3. ஆக நாலுல ஒண்ணு போனா ஓடும், ரெண்டு போனா நிக்கும். அஞ்சு வச்சா? மூணுல ரெண்டு பங்கு 3.33, அதாவது 4 பேர் வேணும், அப்பவும் ஒண்ணுதான் போகலாம். அஞ்சு வச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல, லேப்டாப் ஃபேன்தான் சத்தம் போடும்.

மூணு வச்சாலும் பிளாக் வரும், ஒண்ணு கிராஷ் ஆனாக் கூட ரெண்டு பேர் கையெழுத்துல ஓடும், ஆனா ஒரு நோட் பொய் சொன்னா தாங்குற கேரண்டி அதுல கிடையாது. அந்த வித்தியாசம் டெஸ்ட்ல கண்ணுக்குத் தெரியாது, அதனாலதான் மூணோட நிறுத்தாதீங்கன்னு சொல்றேன்.

8 ஜிபி ரேம் லேப்டாப்ல ஓடுமா?

ஓடும், ஆனா அப்படியே விட்டா ஓடாது. ஜேவிஎம் தனக்குத் தெரியற மெமரில கால் பங்க மேக்சிமம் ஹீப்னு டிஃபால்ட்டா எடுத்துக்கும். நாலு கன்டெய்னர், ஒவ்வொண்ணும் கால் பங்கு, கணக்குப் போட்டுக்கங்க. கம்போஸ் ஃபைல்ல ஜாவா ஆப்ட்ஸ் என்விரான்மென்ட் வேரியபிள்ல ஹீப் லிமிட் குடுத்துடுங்க, காலி செயினுக்கு 512 எம்பில ஆரம்பிக்கலாம், லோட் டெஸ்ட் பண்ணும்போது கூட்டிக்கலாம். கன்டெய்னர் மெமரி லிமிட் தனியா போடுறீங்கன்னா அத ஹீப்ப விட நல்லா பெருசா வைங்க, ஏன்னா பெசு உள்ள இருக்கற ராக்ஸ்டிபி டேட்டாபேஸ் ஹீப்புக்கு வெளிய மெமரி எடுக்கும். கன்டெய்னர் எக்ஸிட் கோட் 137 காட்டுச்சுன்னா பெரும்பாலும் மெமரி பத்தாம கெர்னல் கொன்னுருக்குன்னு அர்த்தம், பெசு லாக்ல அதுக்கு ஒரு வரி கூட இருக்காது, அங்க தேடி டைம் வேஸ்ட் பண்ணாதீங்க.

ஜெனசிஸ் ஃபைல கையால எழுதலாமா?

ஜெனசிஸ்ங்கறது செயினோட முதல் பிளாக்கயும் அடிப்படை செட்டிங்கயும் சொல்ற ஃபைல். அதுல செயின் ஐடி, பிளாக் டைம், யாருக்கு எவ்ளோ பேலன்ஸ் இதெல்லாம் கையால எழுதலாம். எக்ஸ்ட்ரா டேட்டான்னு ஒரு ஃபீல்ட் இருக்கு பாருங்க, அத மட்டும் கையால தொடாதீங்க. முதல் வேலிடேட்டர் யார் யார்ங்கற அட்ரஸ் லிஸ்ட் அதுக்குள்ளதான் ஆர்எல்பிங்கற எத்தீரியம் ஃபார்மட்ல என்கோட் ஆகி உக்காந்திருக்கு. பெசுலயே ஆப்பரேட்டர்னு ஒரு சப்கமாண்ட் இருக்கு, ஜெனரேட் பிளாக்செயின் கான்ஃபிக்னு குடுத்து, வேலிடேட்டர் எண்ணிக்கை 4ன்னு சொன்னா, நாலு கீ ஜோடி, அதுக்கு மேட்ச் ஆகற ஜெனசிஸ் ஃபைல் எல்லாம் ஒரே ஃபோல்டர்ல போட்டுக் குடுத்துடும். ஒவ்வொரு கீயும் அதோட அட்ரஸ் பேர்ல ஒரு சப்ஃபோல்டர்ல இருக்கும்.

கவனிக்க வேண்டியது ஒண்ணுதான், அந்தக் கமாண்ட திரும்ப ஓட்டுனா கீயும் புதுசு ஜெனசிஸும் புதுசு. பழைய ஜெனசிஸோட புது கீய கலந்துட்டா செயின் ஒரு பிளாக் கூட நகராது. ஒரு தடவ ஜெனரேட் பண்ணி ரெப்போல கமிட் பண்ணி வைங்க, டீம்ல எல்லாரும் அதையே யூஸ் பண்ணட்டும். டெஸ்ட் கீ கமிட் பண்றது தப்பில்ல, ஆனா அந்தக் கீயோட அட்ரஸுக்கு நிஜப் பணம் ஒரு ரூபாய் கூட அனுப்பக் கூடாது. டாக்குமெண்ட்ல வர்ற டெஸ்ட் அக்கவுண்டுக்கும் ஹார்ட்ஹேட்டோட டிஃபால்ட் அக்கவுண்டுக்கும் இதே பேச்சுதான், அந்தக் கீ எல்லாம் ஊருக்கே தெரியும், மெயின்நெட்ல அதுக்கு வர்ற காச உடனே துடைச்சுட்டுப் போயிடுவாங்க.

கம்போஸ்ல சர்வீஸ் பேர் வச்சே கன்டெய்னர் ஒண்ணோட ஒண்ணு பேசுமே, எதுக்கு ஐபி ஃபிக்ஸ் பண்ணணும்?

வெப் ஆப்புக்கு சர்வீஸ் பேர் போதும். இங்க நோட்டோட முகவரி ஈநோட் யூஆர்எல், அதுல பப்ளிக் கீ, ஐபி, போர்ட் மூணும் இருக்கும், பெசு அந்த இடத்துல ஐபியத்தான் எதிர்பாக்குது. டிஎன்எஸ் பேர ஏத்துக்க ஒரு எக்ஸ்பெரிமென்டல் ஆப்ஷன் இருக்கு, ஆனா லோக்கல் நெட்வொர்க்குக்கு அது தேவையே இல்ல, கம்போஸ்ல ஒரு சப்நெட் டிஃபைன் பண்ணி நாலு கன்டெய்னருக்கும் ஆளுக்கொரு ஐபி எழுதிடுங்க, வேலை முடிஞ்சது. சப்நெட் இன்னொரு டாக்கர் நெட்வொர்க்கோட இடிச்சுதுன்னா பூல் ஓவர்லேப்ஸ்னு எரர் வரும், ஆஃபீஸ் விபிஎன்னோட இடிச்சா எரர் எதுவும் வராம விபிஎன் பக்கம் இருக்கற சைட் திறக்காமப் போகும், அப்ப வேற ரேஞ்ச் மாத்திப் பாருங்க.

எல்லா நோட்டும் அப்ல இருக்கு, ஆனா பியர் (இணைஞ்சிருக்கற மத்த நோட்) கவுண்ட் 0. ஏன்?

முதல்ல பாக்க வேண்டியது ஈநோட் யூஆர்எல்ல இருக்கற ஐபி. பெசு ஸ்டார்ட் ஆகும்போது லாக்ல தன்னோட ஈநோட்ட பிரிண்ட் பண்ணும், அதுல ஐபி 127.0.0.1ன்னு இருந்து அத அப்படியே காப்பி பண்ணி மத்த நோட்டோட பூட்நோட் (முதல்ல போய்ப் பேச வேண்டிய நோட்) லிஸ்ட்ல போட்டுட்டா, ஒவ்வொரு நோட்டும் தன் கதவையே தட்டிக்கிட்டு இருக்கும். பப்ளிக் கீய மட்டும் எடுத்துக்கிட்டு ஐபிய நீங்க கம்போஸ்ல குடுத்ததா மாத்துங்க.

அது சரியா இருந்தா அடுத்தது ஜெனசிஸ். எக்ஸ்ட்ரா டேட்டா, பேலன்ஸ் மாதிரி முதல் பிளாக்குக்குள்ள போற விஷயத்துல ஒரு எழுத்து வேற மாதிரி இருந்தாலும் ஜெனசிஸ் ஹாஷ் மாறிடும், ஹாஷ் மாறுனா நோட் ரெண்டும் கை குடுத்துட்டு உடனே பிரிஞ்சுடும், லாக்ல கனெக்ட், டிஸ்கனெக்ட்னு மாறி மாறி வந்துக்கிட்டே இருக்கும். ஒரே ஜெனசிஸ் ஃபைல நாலு கன்டெய்னருக்கும் மவுண்ட் பண்ணுங்க, நாலு காப்பி வச்சுக்காதீங்க. 30303 போர்ட்ட ஹோஸ்ட்டுக்கு பப்ளிஷ் பண்ணணுமான்னு கேப்பாங்க, வேண்டாம், கன்டெய்னருக்குள்ள பேசிக்கறதுக்கு அது தேவையில்ல.

பியர் 3 காட்டுது, ஆனா பிளாக் நம்பர் 0லயே நிக்குது. இது என்ன?

இதுதான் ரொம்பப் பேர அலைய விடுற கேஸ், ஏன்னா வெளிய இருந்து பாத்தா எல்லாம் பச்சையா இருக்கும். காரணம் பெரும்பாலும் இதுதான்: நோட்டுக்கு அதோட கீ ஃபைல் போய்ச் சேரல. டேட்டா ஃபோல்டர்ல கீ இல்லன்னா பெசு எரர் போடாது, புதுசா ஒரு கீய அதுவே உருவாக்கிக்கிட்டு சமத்தா ஓட ஆரம்பிச்சுடும். புதுக் கீன்னா புது அட்ரஸ், அந்த அட்ரஸ் ஜெனசிஸ்ல இருக்கற வேலிடேட்டர் லிஸ்ட்ல இல்ல, அதனால அந்த நோட் பியரா சேரும், பிளாக்க கேட்டுக்கும், கையெழுத்து மட்டும் போடாது. ரெண்டு நோட் இப்படி ஆச்சுன்னா மூணு கையெழுத்து எங்கிருந்து வரும்?

செக் பண்றது சுலபம். க்யூபிஎஃப்டி ஏபிஐல வேலிடேட்டர் லிஸ்ட்ட பிளாக் நம்பர் வச்சு கேக்கற மெத்தட் இருக்கு, அதுல வர்ற நாலு அட்ரஸையும், ஒவ்வொரு நோட்டும் ஸ்டார்ட் ஆகும்போது லாக்ல காட்டுற நோட் அட்ரஸையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, எது ஒட்டலையோ அதுதான் ஆளு. அந்த மெத்தட கூப்பிட்டா இனேபிள் ஆகலன்னு வந்துச்சுன்னா, டிஃபால்ட்டா ஈத், நெட், வெப்3 மூணு ஏபிஐ மட்டும்தான் திறந்திருக்கும், க்யூபிஎஃப்டி, அட்மின், டிஎக்ஸ்பூல் எல்லாம் நீங்கதான் ஆப்ஷன்ல சேக்கணும்.

கீ ஏன் போய்ச் சேரலன்னா, பாத்ல ஸ்பெல்லிங் மிஸ்டேக் இருந்தா டாக்கர் ஒரு வேலை பண்ணும். ஷார்ட் சின்டாக்ஸ்ல பைண்ட் மவுண்ட் குடுத்து ஹோஸ்ட்ல அந்த ஃபைல் இல்லன்னா, அதே பேர்ல ஒரு காலி ஃபோல்டர உருவாக்கிடும். கீ இருக்க வேண்டிய இடத்துல, ஜெனசிஸ் இருக்க வேண்டிய இடத்துல ஒரு ஃபோல்டர் நின்னா இதான் நடந்திருக்கு. லாங் சின்டாக்ஸ்ல பைண்ட்னு டைப் குடுத்து, கிரியேட் ஹோஸ்ட் பாத் ஆப்ஷன ஃபால்ஸ்னு எழுதுனா இந்த மாதிரி சத்தமில்லாம உருவாக்காம, பாத் இல்லன்னு எரர் குடுக்கும், அத யூஸ் பண்றதுதான் நல்லது. லினக்ஸ்ல பர்மிஷனும் பாருங்க, இமேஜுக்குள்ள பெசு ரூட்டா ஓடல, ஹோஸ்ட் ஃபோல்டர் ரூட் ஓனர்ஷிப்ல இருந்தா எழுத முடியாது.

கர்ல்ல கூப்பிட்டா கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட், இல்லன்னா ஹோஸ்ட் நாட் ஆதரைஸ்ட்னு வருது.

கர்ல் அடிச்சு கனெக்ஷனே கிடைக்கலன்னா, ஆர்பிசி (நோட்ட வெளிய இருந்து கூப்பிடற ஏபிஐ) 127.0.0.1ல கேட்டுக்கிட்டு இருக்கலாம், அது கன்டெய்னரோட உள் லோக்கல்ஹோஸ்ட், போர்ட்ட பப்ளிஷ் பண்ணியும் வெளிய இருந்து தொட முடியாது. ஆர்பிசி ஹோஸ்ட்ட 0.0.0.0ன்னு மாத்துங்க. ஹோஸ்ட் நாட் ஆதரைஸ்ட் வேற விஷயம், அது ஹோஸ்ட் அலவ்லிஸ்ட், டிஃபால்ட்டா லோக்கல்ஹோஸ்ட்ட மட்டும்தான் அனுமதிக்கும், இன்னொரு கன்டெய்னர் சர்வீஸ் பேர் வச்சு கூப்பிட்டா 403 வரும். பிரவுசர்ல இருந்து மட்டும் ஃபெயில் ஆச்சுன்னா கார்ஸ் ஆரிஜின். மூணும் தனித்தனி ஆப்ஷன்.

ஜெனசிஸ்ல ஒரு சின்ன மாத்தம் பண்ணேன், அதுக்கப்புறம் நோட் ஸ்டார்ட்டே ஆகல.

குடுத்த ஜெனசிஸ் ஸ்டோர்ல இருக்கற செயின் டேட்டாவோட ஒட்டலன்னு லாக்ல இருக்குமே, அதான். கம்போஸ் டவுன் குடுத்தா கன்டெய்னர் போகும், நெட்வொர்க் போகும், நேம்ட் வால்யூம் போகாது, பழைய டேட்டாபேஸ் அப்படியே இருக்கும். வி ஃப்ளாக் சேத்து டவுன் குடுங்க. பைண்ட் மவுண்ட்ல டேட்டா வச்சிருந்தா அந்த ஃபோல்டர நீங்களே அழிக்கணும், அழிக்கும்போது அதுக்குள்ள கீ ஃபைல் இருக்கான்னு பாத்துட்டு அழிங்க, இல்லன்னா போன கேள்விக்கு முந்தின கேள்விக்கு திரும்பப் போகணும். கீய டேட்டா ஃபோல்டர்ல வைக்காம தனியா ரீட் ஒன்லியா மவுண்ட் பண்ணி, கீ ஃபைல் ஆப்ஷன்ல பாத் குடுத்துட்டா இந்தக் கவலையே கிடையாது.

செயின அழிச்சுட்டு புதுசா ஆரம்பிச்சா மெட்டாமாஸ்க் பழைய நான்ஸ ஞாபகம் வச்சுக்கிட்டு இருக்கும், நீங்க அனுப்பற டிரான்சாக்ஷன் எல்லாம் பெண்டிங்லயே தொங்கும். செட்டிங்ஸ்ல ஆக்டிவிட்டி டேட்டாவ கிளியர் பண்ணா சரியாகும்.

அன்வில்ல டிப்ளாய் ஆகற கான்ட்ராக்ட் இங்க இன்வேலிட் ஆப்கோட்னு ஃபெயில் ஆகுது.

சாலிடிட்டி 0.8.20ல இருந்து கம்பைலர் டிஃபால்ட்டா ஷாங்காய்ங்கற எத்தீரியம் அப்கிரேடுக்கு கம்பைல் பண்ணுச்சு, அதுல புஷ் ஜீரோன்னு புது ஆப்கோட் இருக்கு. 0.8.25ல டிஃபால்ட் கேன்கன் ஆச்சு, 0.8.30ல பிராக். உங்க ஜெனசிஸ் அதுக்கு முந்தின லண்டனோட நின்னுருந்தா அந்தச் செயினுக்கு புஷ் ஜீரோன்னா என்னன்னே தெரியாது. ஒண்ணு கம்பைலர்ல ஈவிஎம் வெர்ஷன லண்டன்னு இறக்குங்க, இல்ல ஜெனசிஸ்ல ஷாங்காய் டைம் சேத்து செயின புதுசா ஆரம்பிங்க. நீங்க கடைசியா டிப்ளாய் பண்ணப் போற நெட்வொர்க் எதுல இருக்கோ அதையே இங்கயும் வைங்க, லோக்கல்ல ஓடணும்ங்கறதுக்காக மாத்தாதீங்க.

அக்கவுண்ட் அன்லாக் பண்ற ஆப்ஷன் பெசுல எங்க இருக்கு?

இல்ல. பெசு யூசர் கீய வச்சுக்காது. வாலட்லயோ உங்க கோட்லயோ சைன் பண்ணி ரா டிரான்சாக்ஷனா அனுப்பணும். கேஸ் ஃப்ரீயா ஓட்டணும்னா ஜெனசிஸ்ல ஜீரோ பேஸ் ஃபீயும், நோட் ஆப்ஷன்ல மினிமம் கேஸ் பிரைஸ் 0வும் வேணும், ரெண்டுல ஒண்ணு மட்டும் போட்டா பத்தாது.

சரி, எல்லாம் ஓடுது. ஒரு நோட நிறுத்துனா என்ன தெரியும்?

இதுக்குத்தான் இவ்ளோ தூரம் வந்தோம். ஒரு டெர்மினல்ல முதல் நோட் லாக்க ஓட விடுங்க. ப்ரொட்யூஸ்ட், இம்போர்ட்டட், இம்போர்ட்டட், இம்போர்ட்டட், திரும்ப ப்ரொட்யூஸ்ட்னு 2 செகண்டுக்கு ஒரு வரியா போய்க்கிட்டு இருக்கும், ஏன்னா பிளாக் போடுற முறை வட்டமா சுத்துது, நாலுல ஒண்ணு இவனோடது. இப்ப இன்னொரு டெர்மினல்ல நாலாவது நோட கில் பண்ணுங்க.

செயின் நிக்காது. ஆனா தாளம் மாறிடும். 2 செகண்ட், 2 செகண்ட், அப்புறம் ஒரு சுமார் 6 செகண்ட் அமைதி, திரும்ப 2, 2, 6. செத்தவன் முறை வரும்போது மத்த மூணு பேரும் ரவுண்ட் டைம்அவுட் 4 செகண்டையும் முழுசா காத்திருந்துட்டு, அதுக்கப்புறம்தான் அடுத்த ரவுண்டுக்குப் போய் அடுத்தவன பிளாக் போடச் சொல்றாங்க. நாலு பிளாக்குக்கு ஒரு தடவதான் தாமதம் வரணும்னு தோணும், ஆனா மூணுக்கு ஒரு தடவ வரும், காரணம் செத்தவனுக்குப் பதிலா யார் போட்டானோ அவன்ல இருந்துதான் அடுத்த எண்ணிக்கை தொடங்குது, அதனால அவனோட சொந்த முறை இதுலயே கழிஞ்சுடுது.

இத எதுக்கு இவ்ளோ விவரமா சொல்றேன்னா, மூணு பிளாக்குக்கு 6 செகண்ட் ஆனது இப்ப 10 செகண்ட் ஆகுது. உங்க பேக்எண்ட்ல "5 செகண்ட்ல ரிசீப்ட் வரலன்னா ஃபெயில்"னு யாராவது எழுதியிருந்தா, அது நாலு நோட் உயிரோட இருக்கற வரைக்கும் சரியா ஓடும், ஒரு நோட் போன அன்னைக்கு கணிசமான டிரான்சாக்ஷன் தப்பா ஃபெயில் ஆகும், அதுவும் செயின் நல்லாத்தான் ஓடுதுன்னு மானிட்டரிங் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே. இந்த நம்பர புரொடக்ஷன் போறதுக்கு முன்னாடி உங்க கண்ணால பாக்கணும்.

ரெண்டு நோட நிறுத்துனேன், செயின் நின்னுச்சு, எதிர்பாத்ததுதான். திரும்ப ரெண்டையும் ஸ்டார்ட் பண்ணியும் செயின் நகரல. செத்துடுச்சா?

சாகல, காத்திருக்கு. ரவுண்ட் டைம்அவுட் ஒவ்வொரு தோல்விக்கும் ரெட்டிப்பாகும். 4, 8, 16, 32, 64ன்னு போகும். 8 ரவுண்ட் தோத்தா மொத்தம் 1020 செகண்ட், அதாவது 17 நிமிஷம் ஆகியிருக்கும், அடுத்த ரவுண்டோட டைம்அவுட் மட்டுமே 1024 செகண்ட், இன்னொரு 17 நிமிஷம். உயிரோட இருந்த ரெண்டு பேரும் அந்த நீளமான காத்திருப்புல இருக்காங்க, புதுசா வந்த ரெண்டு பேரும் ரவுண்ட் 0ல இருந்து ஆரம்பிக்கறாங்க, நாலு பேரும் ஒரே ரவுண்டுல சந்திக்கற வரைக்கும் பிளாக் கிடையாது. தோராயமா சொன்னா எவ்ளோ நேரம் நின்னு கெடந்துச்சோ கிட்டத்தட்ட அவ்ளோ நேரம் திரும்ப வரவும் ஆகலாம்.

அவசரம்னா நாலு வேலிடேட்டரையும் ஒண்ணா ரீஸ்டார்ட் பண்ணுங்க, எல்லாரும் ரவுண்ட் 0ல இருந்து ஆரம்பிப்பாங்க, பிளாக் வர ஆரம்பிச்சுடும். டேட்டா எதுவும் போகாது. ஆனா டெஸ்ட்ல ஒரு தடவயாவது ரீஸ்டார்ட் பண்ணாம விட்டு எவ்ளோ நேரத்துல தானா எழுந்திரிக்குதுன்னு அளந்து குறிச்சு வைங்க. நாலு நோட்டும் நாலு வேற வேற கம்பெனி கையில இருக்கற நெட்வொர்க்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லாரையும் ஒரே நேரத்துல ரீஸ்டார்ட் பண்ணச் சொல்றது சாதாரண விஷயம் இல்ல, அந்த ஏற்பாடு முன்னாடியே எழுதி இருக்கணும்.

ஸ்டாப், கில், பாஸ், நெட்வொர்க் டிஸ்கனெக்ட், இதுல எத யூஸ் பண்றது?

நாலும் நாலு வேற வேற விபத்து, நாலையும் பண்ணுங்க. ஸ்டாப் நாசூக்கா மூடச் சொல்லும், 10 செகண்ட் பாத்துட்டு அப்புறம்தான் கொல்லும். கில் உடனே கொல்லும், கரண்ட் போன மாதிரி, டேட்டாபேஸ் அதுல இருந்து சரியா எழுந்திரிக்குதான்னு பாக்க இதுதான். பாஸ் ரொம்ப சுவாரசியமானது, ப்ராசஸ் உறைஞ்சுடும், ஆனா டிசிபி கனெக்ஷன் திறந்தபடியே இருக்கும், அதனால மத்த நோட்ல கொஞ்ச நேரத்துக்கு பியர் கவுண்ட் 3ன்னே காட்டும், ஆனா ஆளு பதில் சொல்ல மாட்டான். பியர் கவுண்ட்ட மட்டும் நம்பி அலர்ட் வச்சிருக்கறவங்க பாஸ் பண்ணிப் பாத்தா அந்த அலர்ட் எவ்ளோ லேட்டா வருதுன்னு தெரிஞ்சுக்கலாம். பிளாக் நம்பர் நகருதாங்கறத வச்சு அலர்ட் போடுறதுதான் சரி.

டிஸ்கனெக்ட் பண்ணிட்டு திரும்ப கனெக்ட் பண்ணும்போது ஐபியையும் சேத்துக் குடுங்க, குடுக்கலன்னா டாக்கர் வேற ஐபி குடுத்துடலாம், அப்ப மத்தவங்க பழைய ஐபியத் தேடிக்கிட்டே இருப்பாங்க. ரெண்டு ரெண்டா பிரிச்சு விட்டுப் பாருங்க, ரெண்டு பக்கமும் நிக்கும், ரெண்டு பக்கமும் வேற வேற செயின் வளராது. க்யூபிஎஃப்டி அந்த மாதிரிதான், பிரியறதுக்குப் பதிலா நிக்கும்.

தாமதம் சேக்கணும்னா லினக்ஸோட டிசி நெட்எம் இருக்கு, 200 மில்லிசெகண்ட் டிலேன்னு குடுக்கலாம். அதுக்கு நெட் அட்மின் கேபபிலிட்டி வேணும், பெசு இமேஜுக்குள்ள அந்த டூல் இல்லன்னா, அதே நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்ல சேர்ற இன்னொரு டூல் கன்டெய்னர ஓட்டி அதுல இருந்து பண்ணலாம், நெட்ஷூட் இமேஜ் இதுக்கு வசதி.

அஞ்சாவது வேலிடேட்டர ஓடிக்கிட்டு இருக்கும்போதே சேக்க முடியுமா?

முடியும். இருக்கற வேலிடேட்டர்ல பாதிக்கு மேல ஓட்டுப் போடணும், நாலுன்னா மூணு ஓட்டு. ஓட்டு ஒவ்வொரு நோட்டோட ஆர்பிசிலயும் தனித்தனியா போடணும், ஒரே நோட்ல மூணு தடவ போட்டா ஒரு ஓட்டுதான். எபாக் லெங்த், அதாவது ஜெனசிஸ்ல குடுத்த பிளாக் எண்ணிக்கை, முடியும்போது முடிவாகாத ஓட்டு எல்லாம் அழிஞ்சுடும், டெஸ்ட்டுக்காக எபாக்க ரொம்ப சின்னதா வச்சிருந்தீங்கன்னா ஓட்டு சேரவே சேராது. முக்கியமா நோட முதல்ல ஓட விட்டு சிங்க் ஆன பிறகு ஓட்டுப் போடுங்க. ஓடாத ஆள லிஸ்ட்ல சேத்துட்டா இருக்கற ஒரே கோளாறு இடத்தையும் அவனே பிடிச்சுக்குவான், அதுக்கு மேல எது விழுந்தாலும் செயின் நிக்கும்.

லேப்டாப்லதானே ஓடுது, செக்யூரிட்டி எல்லாம் பாக்கணுமா?

பாக்கணும். கம்போஸ்ல 8545ன்னு சும்மா பப்ளிஷ் பண்ணா டாக்கர் அத எல்லா இன்டர்ஃபேஸ்லயும் திறக்கும், லினக்ஸ்ல யூஎஃப்டபிள்யூ ரூல் போட்டிருந்தாலும் டாக்கரோட ரூல் அதத் தாண்டிப் போயிடும். கிளவுட் விஎம்ல டெஸ்ட் நெட்வொர்க் ஓட்டுறவங்க இத நிறைய பேர் கவனிக்கறதில்ல. போர்ட்டுக்கு முன்னாடி 127.0.0.1ன்னு சேத்து எழுதுங்க. அட்மின், டீபக் ஏபிஐ திறந்து வச்சிருக்கற நோட்டுக்கு இது கட்டாயம்.

ரெண்டு வாரம் ஓட விட்டேன், டிஸ்க் நிறைஞ்சிடுச்சு. டிரான்சாக்ஷனே அனுப்பலையே?

காலி பிளாக்கும் பிளாக்தான். 2 செகண்டுக்கு ஒண்ணுன்னா ஒரு நாளைக்கு 43,200. அத விட லாக்தான் அதிகம் சாப்பிடும், டாக்கரோட டிஃபால்ட் ஜேசன் லாக் டிரைவர் தானா ரொட்டேட் பண்ணாது, நாலு நோட்டும் வரி வரியா எழுதிக்கிட்டே இருக்கும். மேக்ஸ் சைஸ், மேக்ஸ் ஃபைல் ரெண்டையும் கம்போஸ்ல போடுங்க. வேலை இல்லாதப்ப கம்போஸ் ஸ்டாப்.

இந்த செட்டப்ல எத டெஸ்ட் பண்ணவே முடியாது?

ரீஆர்க் (வந்த பிளாக் பின்னாடி மாறிப் போறது) பாக்க முடியாது, க்யூபிஎஃப்டில பிளாக் வந்தா முடிவுதான், பின்னாடி போகாது. மெயின்நெட்டுக்கோ எல்2வுக்கோ போற ஆப் எழுதுறீங்கன்னா ரீஆர்க் டெஸ்ட்ட வேற இடத்துல பண்ணியே ஆகணும்.

கடிகாரம் தப்பா ஓடுற நோட்டையும் சுலபமா உருவாக்க முடியாது, எல்லா கன்டெய்னரும் ஹோஸ்ட் கெர்னலோட ஒரே கடிகாரத்தத்தான் பாக்குது. ஃபேக்டைம் மாதிரி லைப்ரரி வச்சு ஏமாத்திப் பாக்கலாம், ஜாவாவோட அது எப்பவும் ஒத்துழைக்கும்னு எதிர்பாக்க வேண்டாம், தனி விஎம் வச்சுக்கறது நிம்மதி. அப்புறம் டிபிஎஸ், அதாவது செகண்டுக்கு எத்தன டிரான்சாக்ஷன். நாலு நோட்டும் ஒரே சிபியூ, ஒரே எஸ்எஸ்டிக்கு அடிச்சுக்குது, நடுவுல நெட்வொர்க்கே இல்ல, அதனால இங்க அளந்த டிபிஎஸ் ஒரு பக்கம் குறைவாவும் இன்னொரு பக்கம் அதிகமாவும் தப்பா இருக்கும். தயவுசெஞ்சு அந்த நம்பர கிளையன்ட் பிரசன்டேஷன்ல போடாதீங்க.

சிஐல (கோட் மாறுனா தானா டெஸ்ட் ஓட்டுற சிஸ்டம்) ஓட்டும்போது சில சமயம் டெஸ்ட் முதல் டிரான்சாக்ஷன்லயே ஃபெயில் ஆகுது, திரும்ப ஓட்டுனா பாஸ்.

கன்டெய்னர் அப் ஆனதும் டெஸ்ட் ஆரம்பிச்சுடுது, செயின் இன்னும் ஆரம்பிக்கல. 20 செகண்ட் ஸ்லீப் போட்டு சமாளிக்காதீங்க, சிஐ மெஷின் மெதுவா இருக்கற அன்னைக்கு அதுவும் பத்தாது. பெசுல ரெடினஸ் எண்ட்பாயிண்ட் இருக்கு, மினிமம் பியர் எத்தனைன்னு அதுலயே கேக்கலாம், 3ன்னு குடுங்க. அதுக்கு மேல பிளாக் நம்பர ரெண்டு தடவ கேட்டு, ரெண்டாவது தடவ கூடியிருந்தாத்தான் டெஸ்ட்ட ஆரம்பிக்கற மாதிரி சின்ன ஸ்கிரிப்ட் வைங்க, ஏன்னா மேல பாத்தோமே, பியர் 3 இருந்தும் பிளாக் 0ல நிக்கறது நடக்கும். பிளாக் நம்பர் ஹெக்ஸ்ல வரும், ஸ்கிரிப்ட்ல கம்பேர் பண்றதுக்கு முன்னாடி டெசிமலுக்கு மாத்திக்கங்க.